கண் பிரஷர், கிளாக்கோமா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கண் மருத்துவமனையின் கிளாக்கோமா பிரிவில் கவுன்சிலராக இருக்கிறேன். டாக்டர் பார்த்து முடித்ததும் நோயாளியும் கூட வந்தவரும் என் மேசைக்கு வருவார்கள். உள்ளே எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தவர்கள்கூட இங்கே உட்கார்ந்ததும் சந்தேகங்களைக் கேட்க ஆரம்பிப்பார்கள். ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே எழுதி, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்கள் பொதுவானவை. உங்கள் கண்ணைப் பரிசோதித்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதைப் பின்பற்றுங்கள். அதற்கான காரணம் உங்கள் கண்ணில் இருக்கும்.

"கண்ணுல பிரஷர்னு சொல்றாங்க. எனக்கு பி.பி. நார்மலாத்தானே இருக்கு?"

பி.பி. என்பது இரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். கண் பிரஷர் என்பது கண் உருண்டைக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். இரண்டும் வேறு வேறு. பி.பி. மாத்திரை சாப்பிட்டால் கண் பிரஷர் சரியாகிவிடும் என்று நினைத்து வருடக்கணக்கில் கண்ணைக் காட்டாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று சுரந்துகொண்டே இருக்கிறது. அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. ஐரிஸ் என்னும் பழுப்பு வட்டத்துக்குப் பின்னால் சுரந்து, நடுவில் இருக்கும் பாப்பா வழியாக முன்னுக்கு வந்து, கருவிழியும் (ஐரிஸுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் தெளிந்த படலம்) ஐரிஸும் சந்திக்கும் மூலையில், அதாவது கோணத்தில், ஒரு நுண்ணிய வலை வழியாக வடிந்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர்தான் சுரக்கும். சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டின் அளவு சேரவே கால் மணி நேரம் ஆகிவிடும். சுரப்பதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வடிவது குறைந்தால் நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. "கண் நீர் அழுத்த நோய்" என்று தமிழில் பேர் வந்தது இதனால்தான்.

"அப்போ பிரஷர் ஜாஸ்தின்னாலே கிளாக்கோமாவா?"

இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த மாதிரி. கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு அழியும் நோய். கண்ணில் இருந்து மூளைக்குப் போகும் அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாக மடிவதுதான் நோய். அழுத்தம் அதைத் தூண்டும் காரணங்களில் முக்கியமானது, அதோடு மருந்தால் நாம் குறைக்கக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் அழுத்தமே நோய் ஆகாது.

பெரும்பாலானவர்களுக்குக் கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். 21க்கு மேல் இருந்தும் நரம்பு நன்றாக, ஓரப் பார்வையையும் சேர்த்து அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் நன்றாக, கோணம் திறந்து இருந்தால் அதற்குக் "கண் அழுத்த மிகை" என்று பேர். அமெரிக்காவில் இப்படிப்பட்ட 1,636 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2002இல் முடிவு வெளியானது. 5 வருடத்தில் மருந்து போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் கிளாக்கோமா வந்தது. மருந்து ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது. அதே சமயம் மருந்து இல்லாமலே 10 பேரில் 9 பேருக்கு அந்த 5 வருடத்தில் நோய் வரவில்லை. இதனால்தான் சிலருக்கு "ஆறு மாசம் கழிச்சு வாங்க, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த ஆறு மாதம் கழித்து மறக்காமல் வரவேண்டும்.

"எனக்கு கண்ணு நல்லாத்தானே தெரியுது. கடைசி வரி வரைக்கும் படிச்சேனே?"

எழுத்துப் பலகையைப் படிப்பது நடுப்பார்வை. பெரும்பாலான கிளாக்கோமா ஓரப் பார்வையில் ஆரம்பித்து, நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கிறது. ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை அடுத்த கண் மூடிக்கொடுக்கும். மீதியை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். கறுப்பாக எதுவும் தெரியாது, வலிக்காது. காணாமல் போன இடம் காணாமல் போனதே தெரியாது.

ஒரு பெரியவர் ஞாபகம் வருகிறார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், படிக்கும் கண்ணாடிக்காக வந்தவர். பலகையைக் கடகடவென்று படித்தார். எழுந்து திரும்பியபோது இடது பக்கம் ஸ்டூலில் இருந்த தன் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டார். "வீட்லயும் இப்படித்தான், டம்ளர் எல்லாம் தட்டி விடுவார், கவனமே கிடையாது" என்று கூட வந்த அம்மா கடிந்துகொண்டார். இடது பக்கத்தில் பெரும் பகுதி அவருக்குத் தெரியவே இல்லை என்பது அன்றைக்கு எடுத்த ஃபீல்டு டெஸ்டில் தெரிந்தது.

இது அவர் ஒருவரின் கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய கணக்கெடுப்புகளில், கிளாக்கோமா இருந்தவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை. 40 வயதானால் கண்ணாடி மாற்றுவதற்கு மட்டும் கடைக்குப் போகாமல், ஒரு முறையாவது நரம்பையும் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"இதுல எத்தனை வகை? எனக்கு எது?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். துளை திறந்திருந்தும் உள்ளே குழாயில் பிசுக்கு படிந்து மெதுவாக இறங்கலாம். அல்லது துளையின் மேலேயே ஒரு தட்டு வந்து மூடிக்கொள்ளலாம். முதலாவது திறந்த கோணக் கிளாக்கோமா. வருடக்கணக்கில், சத்தமில்லாமல் வளரும். இரண்டாவது மூடிய கோணக் கிளாக்கோமா. இங்கே ஐரிஸ்தான் அந்தத் தட்டு. முன்னால் தள்ளப்பட்டு வடிகால் மூலையை அடைத்துவிடுகிறது. இந்த வகை ஆசிய மக்களிடம் அதிகம். பெண்களுக்கும், தூரப் பார்வைக் கண்ணாடி, அதாவது பிளஸ் பவர் போடுபவர்களுக்கும், வயது ஏற ஏறவும் வாய்ப்புக் கூடும். கண் உருண்டை சிறியதாக இருப்பதும், வயதாக ஆக உள்ளே லென்ஸ் தடிப்பதும் காரணம்.

இரண்டில் எது என்று வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்ணாடி பதித்த ஒரு சிறிய லென்ஸைக் கருவிழி மேல் வைத்து அந்த மூலையைப் பார்ப்பார்கள். கோனியோஸ்கோப்பி என்று பேர். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் வகையைச் சொல்ல முடியாது, வகை தெரியாமல் வைத்தியம் செய்யவும் முடியாது. உங்களுக்குச் செய்தார்களா என்று கேட்கலாம், தப்பே இல்லை.

இந்த இரண்டும் தவிர, வேறு ஏதோ காரணத்தால் அழுத்தம் ஏறினால் அது இரண்டாம் நிலைக் கிளாக்கோமா. பிறவியிலேயே வடிகால் சரியாக அமையாவிட்டால் பிறவிக் கிளாக்கோமா. அழுத்தம் ஏறாமலே வருவதும் உண்டு. மூன்றையும் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

"ராத்திரி திடீர்னு ஒரு பக்கம் தலைவலி, வாந்தி, கண்ணு சிவந்துடுச்சு. பித்தம்னு நினைச்சோம்."

மேலே சொன்ன தட்டு ஒரேயடியாக மூடிக்கொண்டால் சில மணி நேரத்தில் அழுத்தம் 50, 60 என்று ஏறிவிடும். கண்ணும் அந்தப் பக்கத் தலையும் பிளக்கிற மாதிரி வலி, குமட்டல், வாந்தி, மங்கிய பார்வை, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். வாந்தி எடுப்பதால் வயிற்றுக் கோளாறு என்றும், தலைவலி என்பதால் ஒற்றைத் தலைவலி என்றும் நினைத்து ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். அப்படிப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் நரம்புக்கு நஷ்டம். வலிக்கிற பக்கத்துக் கண்ணை டார்ச் அடித்துப் பாருங்கள். கண் சிவந்து, கருவிழி புகை படிந்த மாதிரி, பாப்பா சுருங்காமல் விரிந்தபடி நின்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்று இரவே கண் மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தால் அழுத்தத்தை இறக்கிவிட்டு, பிறகு லேசர் செய்வார்கள்.

கோணம் குறுகலாக இருப்பவர்களுக்குப் பாப்பாவை விரிக்கும் எதுவும் இதைத் தூண்டலாம். வெகுநேரம் இருட்டில் இருப்பது, சில சளி மாத்திரைகள், சில மனநல மருந்துகள், வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் சில மருந்துகள். தலைவலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் டோபிராமேட் மாத்திரை வேறு விதமாக, இரண்டு கண்ணிலும் ஒரே சமயத்தில் இதைக் கொண்டுவரக்கூடும். அதற்கு மருந்தை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம், லேசர் உதவாது. அதனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

"நல்லா இருக்கற கண்ணுல லேசர் வச்சு ஓட்டை போடணும்கறாங்க. எதுக்கு?"

கோணம் குறுகலாக இருந்தால் ஐரிஸின் ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை போடுவார்கள். பின்னால் சுரக்கும் நீருக்கு இன்னொரு வழி கிடைத்து, ஐரிஸ் பின்னால் சாய்ந்து, மூலை திறக்கும். சொட்டு விட்டு உட்கார்ந்த நிலையிலேயே செய்வது. சுண்டிவிட்ட மாதிரி இரண்டு மூன்று தடவை இருக்கும், அன்றே வீட்டுக்குப் போகலாம்.

எல்லோருக்கும் அவசரமா என்றால், இல்லை. வேலூரில் குறுகிய கோணம் மட்டும் இருந்த 50 பேரை 5 வருடம் கழித்துப் பார்த்தபோது 11 பேருக்கு நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது, ஆனால் ஒருவருக்கும் திடீர்த் தாக்குதல் வரவில்லை. சீனாவின் குவாங்சோவில் நடந்த பெரிய ஆய்வும், லேசர் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்றாலும் அந்த ஆபத்தே குறைவுதான் என்று 2019இல் சொன்னது. என் கருத்தைக் கேட்டால், ஒரு கண்ணில் ஏற்கெனவே தாக்குதல் வந்தவர்கள், ஆஸ்பத்திரியில் இருந்து வெகுதூரத்தில் இருப்பவர்கள், அடிக்கடி வர முடியாதவர்கள், குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் தள்ளிப்போட வேண்டாம். மற்றவர்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம். கூடவே புரையும் இருந்தால் புரை ஆபரேஷனே கோணத்தைத் திறந்துவிடும், தடித்த லென்ஸை எடுத்துவிட்டு மெல்லிய லென்ஸ் வைப்பதால்.

"அந்த லைட் தெரிஞ்சா பட்டன் அமுக்கற டெஸ்ட்ல நான் ஃபெயிலாயிட்டேன் போல. அதனாலதான் நோய்னு எழுதிட்டாங்களா?"

அது பரீட்சை இல்லை. ஃபீல்டு டெஸ்டில் வரும் வெளிச்சப் புள்ளிகளில் கிட்டத்தட்ட பாதி யாருக்குமே தெரியாத அளவு மங்கலாக வரும். எந்த அளவு மங்கல் வரை உங்களுக்குத் தெரிகிறது என்று தேடுவதுதான் அதன் முறை. "பாதி தெரியல" என்று எல்லோருமே சொல்வார்கள். தெரியாததற்கும் அமுக்கினால்தான் கெடுதல். முதல் தடவை சரியாக வராவிட்டால் இரண்டாம் தடவை எடுப்பது வழக்கம். பசியோடு, தூக்கம் இல்லாமல் வந்து உட்காராதீர்கள். நடுவில் களைப்பாக இருந்தால் பட்டனை அமுக்கியபடியே பிடித்திருங்கள், மிஷின் நிற்கும். ஒரு டெஸ்டை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. நரம்பைப் பார்த்தது, நரம்பு இழைகளின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் படம், ஃபீல்டு எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

"பிரஷர் 16தான். அதுக்கும் கிளாக்கோமான்னு சொல்றாங்க. தப்பா பார்த்துட்டாங்களோ?"

இரண்டாவது பதிலை இன்னொரு தடவை படியுங்கள். நோய் நரம்பில் இருக்கிறது. சிலருடைய நரம்புக்கு 16ஏ தாங்காது. ஜப்பானில் தஜிமி என்னும் ஊரில் நடந்த கணக்கெடுப்பில், திறந்த கோணக் கிளாக்கோமா இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அழுத்தம் 21க்குள்தான் இருந்தது. வைத்தியம் இங்கேயும் அழுத்தத்தை இன்னும் இறக்குவதுதான். 16 இருந்தால் 11, 12க்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள்.

எண் பொய் சொல்லவும் வாய்ப்பு உண்டு. கருவிழியை லேசாக அழுத்தித்தான் அழுத்தத்தை அளக்கிறார்கள். கருவிழி மெல்லியதாக இருந்தால் உண்மையைவிடக் குறைவாகவும், தடிமனாக இருந்தால் அதிகமாகவும் காட்டும். சராசரித் தடிமன் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதல். அதனால்தான் தடிமனையும் ஒரு தடவை அளந்து அட்டையில் குறித்துவைக்கிறார்கள். அதோடு அழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, உங்களுக்கு விடியற்காலையில் ஏறி, நீங்கள் வரும் பதினொரு மணிக்கு இறங்கியிருக்கலாம்.

இந்த வகைக்காரர்களுக்குப் பி.பி.யோடு ஒரு தொடர்பு உண்டு, ஆனால் பலர் நினைப்பதற்கு எதிர்ப்பக்கம். இரவில் பி.பி. ரொம்ப இறங்கினால் நரம்புக்குப் போகும் இரத்தம் குறைகிறது. படுக்கும்போது பி.பி. மாத்திரை போடுபவராக இருந்தால் கண் டாக்டரிடமும் பி.பி. டாக்டரிடமும் சொல்லுங்கள். நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம்.

"பத்து வருஷம் முன்னாடி லேசிக் பண்ணிக்கிட்டேன். அதைச் சொல்லணுமா?"

கட்டாயம் சொல்ல வேண்டும். லேசிக் என்பது கண்ணாடி போடாமல் இருப்பதற்காக லேசரால் கருவிழியை மெலிதாக்கும் சிகிச்சை. மெலிந்த கருவிழி என்ன செய்யும் என்று இப்போதுதான் பார்த்தோம். லேசிக் செய்துகொள்பவர்களில் பெரும்பாலோர் கிட்டப் பார்வைக்காரர்கள், கிட்டப் பார்வை அதிகம் உள்ளவர்களுக்குத் திறந்த கோணக் கிளாக்கோமா வாய்ப்பும் கூடுதல். கண்ணாடியைத் தூக்கிப் போட்டதோடு கண் டாக்டரையும் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்குக் கவலையான விஷயம்.

"குழந்தைக்குக் கண்ணு பெருசா, அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. வெளிச்சத்துல மட்டும் கண்ணையே திறக்க மாட்டேங்குது."

இந்தக் கேள்வி வந்தால் என் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு நேராக டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவேன். குழந்தையின் கண் சுவர் மென்மையானது. உள்ளே அழுத்தம் ஏறினால் பலூன் மாதிரி கண்ணே விரியும். பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மி.மீ. அகலம் இருக்கும். ஒரு வயதுக்குள் 12 மி.மீ.யைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். வெளிச்சத்துக்குக் கூசுவது, ஓயாமல் நீர் வடிவது, கருவிழி வெள்ளையாக அல்லது நீலம் பாய்ந்த மாதிரி மங்குவது ஆகியவை மற்ற அடையாளங்கள். பெரிய கண் என்று கண்ணேறு கழித்து, திருஷ்டிப் பொட்டு வைத்து, ஆறு மாதம் போன பிறகு வந்த குழந்தைகள் உண்டு. எல்லாப் பெரிய கண்ணும் நோய் இல்லை. ஆனால் கூச்சமும் நீரும் சேர்ந்திருந்தால் அந்த வாரமே காட்டுங்கள்.

இதற்குச் சொட்டு மருந்து தற்காலிகம்தான், ஆபரேஷன்தான் வைத்தியம். சீக்கிரம் செய்தால் பல குழந்தைகளுக்கு நல்ல பார்வை கிடைக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இது கூடுதலாக வருகிறது. தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே மறைந்த மரபணுக் குறை இருந்தால்தான் பெரும்பாலும் வெளிப்படும், மாமன் மகள், அத்தை மகன் உறவில் அது ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. முதல் குழந்தைக்கு இருந்தால் அடுத்த குழந்தையைப் பிறந்த உடனே காட்ட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"பையனுக்குக் கண்ணு அரிப்பு. மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து வாங்கினோம், போட்டா உடனே கேக்குது. அதையே ரெண்டு வருஷமா..."

அந்தப் புட்டியைக் கொண்டுவாருங்கள். பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் ஒரே நாளில் அடங்கும், அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் மூன்றில் ஒருவருக்கு ஸ்டீராய்டு சொட்டால் கண் அழுத்தம் ஓரளவு ஏறும், நூற்றில் சுமார் ஐந்து பேருக்கு மிக அதிகமாக ஏறும். சில வாரத்திலேயே ஏறிவிடும், எந்த அறிகுறியும் இருக்காது. வெயில் காலத்தில் கண் அரிப்பு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த விதமாகப் பார்வை போவது எனக்குத் தாங்க முடியாத துக்கம். தடுத்திருக்கக் கூடிய ஒன்று இது.

ஸ்டீராய்டே கூடாது என்று சொல்லவில்லை. புரை ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் தேவை. டாக்டர் எத்தனை நாள் எழுதினாரோ அத்தனை நாள் போட்டு, வரச் சொன்ன நாளில் வந்து அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டைக் காட்டித் திரும்ப வாங்க வேண்டாம். கண்ணைச் சுற்றிப் பூசும் ஸ்டீராய்டு கிரீம், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நெடுநாள் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை எல்லாமும் அழுத்தத்தை ஏற்றலாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, கண்ணைப் பரிசோதித்துக்கொண்டே தொடரலாம்.

"சுகரால வருமா? சின்ன வயசுல கிரிக்கெட் பந்து பட்டது, அதனாலயா?"

இரண்டாலும் வரும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை விழித்திரையைக் கெடுத்தால், கண் புதிதாக மெல்லிய இரத்தக் குழாய்களை வளர்க்கும். அவை வடிகால் மூலை வரை படர்ந்து அடைத்துவிடும். இது வலி மிகுந்த, பிடிவாதமான வகை. விழித்திரைக்கு நேரத்தில் லேசர் செய்வதே தடுப்பு. அடிபட்ட கண்ணில் வடிகால் தழும்பாகி, பத்து இருபது வருடம் கழித்துக்கூட அழுத்தம் ஏறலாம், அதனால் பழைய அடியையும் சொல்லுங்கள். முற்றிப் பழுத்த புரையை ஆபரேஷன் செய்யாமல் விட்டுவைப்பதும் திடீர்க் கிளாக்கோமாவைக் கொண்டுவரும். "புரை நல்லா பழுக்கட்டும்" என்று காத்திருந்த காலம் போய்விட்டது.

"சொட்டு மருந்து எத்தனை நாளைக்கு? சாகற வரைக்குமா?"

பெரும்பாலும் ஆமாம். சர்க்கரைக்கு மாத்திரை மாதிரி. போடும்வரை அழுத்தம் இறங்கியிருக்கும், நிறுத்தினால் ஏறிவிடும். போட்டும் பார்வை கூடாது, நிறுத்தியும் உடனே குறையாது. அதனால்தான் பாதிப் பேர் "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்று விட்டுவிடுகிறார்கள். இருக்கும் பார்வை அப்படியே இருப்பதுதான் இந்த மருந்தின் பலன், அது கண்ணுக்குத் தெரியாத பலன். திறந்த கோணக்காரர்களில் சிலருக்கு வடிகால் வலையில் செய்யும் எஸ்.எல்.டி. என்னும் லேசர் ஒரு மாற்று. இங்கிலாந்து ஆய்வில் அதை முதல் வைத்தியமாகச் செய்துகொண்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் மூன்று வருடம் சொட்டு இல்லாமல் சமாளித்தார்கள். மேலே சொன்ன ஓட்டை போடும் லேசர் வேறு, இது வேறு.

போடும் விதம் முக்கியம். மல்லாந்து படுத்து, கீழ் இமையைக் கீழே இழுத்தால் சின்னப் பை மாதிரி விரியும். அதில் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும், கண்ணில் அதற்கு இடம் இல்லை. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள், மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். புட்டியைத் திறந்த தேதியை அதிலேயே எழுதுங்கள், பெரும்பாலான மருந்துகளை ஒரு மாதத்தில் மாற்ற வேண்டும். கை நடுங்கும் வயதானவர்களுக்கு வீட்டில் ஒருவர் போட்டுவிடுவது நல்லது. செக்கப்புக்கு வரும் நாளிலும் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

"மருந்து போட்டதுல இருந்து மூச்சு வாங்குது. கண்ணு மருந்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. டிமோலால் என்னும் சொட்டு இரத்தத்தில் கலந்தால் நாடித் துடிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா, சில இதயக் கோளாறுகள் உள்ளவர்களுக்கு அது ஆகாது. மூச்சு வாங்கினால் அன்றைக்கே சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. லட்டனோபிராஸ்ட் போன்றவை கண்ணைச் சிவக்க வைக்கும், இமை முடியை நீளமாக்கும், கண்ணைச் சுற்றிக் கருக்கும். பிரிமோனிடின் அலர்ஜி தரலாம், கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அழுத்தத்தை இறக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரை சாப்பிட்டால் விரல் நுனியில் ஊசி குத்துவது மாதிரி இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா அலர்ஜி இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, திட்டமிட்டாலோ அதையும்.

"புரை மாதிரி ஒரே ஆபரேஷன்ல சரி பண்ணிட முடியாதா?"

புரையில் மறைந்த பார்வை திரும்பும், கிளாக்கோமாவில் போனது திரும்பாது. இங்கே ஆபரேஷன் என்பது வடிகால் அமைப்பதுதான். மருந்தும் லேசரும் போதாதபோது, வெள்ளை விழியில் ஒரு சிறு கதவு போல வழி செய்து, நீர் மேல் இமைக்கு அடியில் வடியும்படி செய்வார்கள். ட்ரபெக்குலெக்டமி என்று பேர், 1960களின் கடைசியில் இருந்து நடக்கிறது. அந்த வழி தழும்பாகி அடைபடலாம், அதனால் முதல் சில வாரங்கள் அடிக்கடி வரச் சொல்வார்கள். ஆபரேஷனைவிட அந்த வருகைகள் முக்கியம் என்றே சொல்வேன். அதுவும் பலன் தராத கண்ணுக்கு, நீர் வடிய ஒரு சிறு குழாய் வைப்பது உண்டு. வெளிநாட்டுக் குழாய் விலை கைக்கு எட்டாது என்றிருந்த நிலையில், மதுரை அரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கியது இங்குள்ளவர்களுக்குப் பெரிய உதவி.

"என்ன சாப்பிடலாம்? யோகா பண்ணலாமா? செல்போன் பார்க்கலாமா?"

பத்தியம் எதுவும் கிடையாது. செல்போனால் கிளாக்கோமா வராது. நடப்பது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் கொஞ்ச நேரத்துக்கு அழுத்தம் ஏறும், பிரித்துக் குடியுங்கள். சிரசாசனம் வேண்டாம். சென்னையில் 75 பேரிடம் அளந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் இரு மடங்கானது தெரிந்தது. மூச்சுப் பயிற்சி, மற்ற சாதாரண ஆசனங்கள் செய்யலாம். தேன், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விட வேண்டாம், கிருமி பாய்ந்து கருவிழி புண்ணாகி வருபவர்களை இந்தப் பிரிவுக்குப் பக்கத்து அறையில் தினமும் பார்க்கிறேன்.

"எனக்குன்னா பரவாயில்ல. எங்க வீட்ல வேற யாருக்காவது வருமா?"

உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பு. அதிலும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைதான் முதலில், அவர்களுக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதானே. "நோய்னு தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் தடைபடும்" என்று மறைக்கிறார்கள். அட்டையில் கையெழுத்து வாங்கும்போது நான் உடன்பிறந்தவர்களின் ஃபோன் நம்பரையும் கேட்பேன். தயங்கியவர் ஒருவர், மூன்றாம் மாதம் தன் தங்கையைக் கூட்டிவந்தார். அந்த அம்மாவுக்கு ஆரம்பக் கட்டம். ஒரு சொட்டு மருந்திலேயே இன்றுவரை ஃபீல்டு மாறாமல் இருக்கிறது.

"இந்தக் கண்ணுலதான் வெளிச்சமே தெரியலையே. இனி இதுக்கு எதுக்கு மருந்து?"

கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருக்கும் கண் என்றால், அந்தக் கொஞ்சத்தை விடவே கூடாது. கை அசைவது தெரிந்தால்கூட இருட்டில் கதவு எங்கே என்று தெரியும், கூப்பிட்டவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியும். அதை இழந்தவர்களுக்குத்தான் அதன் மதிப்பு தெரிகிறது. முழுக்கப் போன கண்ணுக்கு மருந்து பார்வைக்காக இல்லை, வலி வராமல் இருக்க. வலி இல்லாவிட்டால் டாக்டர் நிறுத்தவும் சொல்லலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்தே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அடுத்த கண்ணுக்கு ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். குறைந்த பார்வைக்கு உதவும் பிரிவு பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. உருப்பெருக்கி, நடைப் பயிற்சி, படிக்கட்டு ஓரத்தில் ஒட்டும் மஞ்சள் பட்டை என்று நிறைய வழி சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கண்டக்டர் ஐயா இப்போது இடது பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். தண்ணீர் பாட்டிலை வலது கைப் பக்கம் வைத்துக்கொள்கிறார்.